வழியில் பிரிய வேண்டிய பார்சல்

புதுச் சந்தைக் கட்டடத்தில் யாருக்கு எந்தக் கடை என்று முடிவுசெய்ய வியாபாரிகள் சங்கம் முதலில் குலுக்கல்தான் போட்டது. சீட்டுகளைப் போட்டுக் குலுக்கிய வாளி பாத்திரக்கடையிலிருந்து வந்திருந்தது. முதலில் எடுத்த சீட்டும் பாத்திரக்கடைக்காரர் பெயரிலேயே வந்து தொலைத்தது.

"உன் வாளி உனக்குத்தானேய்யா விசுவாசமா இருக்கும்!" என்று துணிக்கடைக்காரர் எழுந்தார். அவரோடு பல நாற்காலிகளும் எழுந்தன. கூட்டம் கலைந்தபோது வாளிக்குக் கைப்பிடி இல்லை.

அடுத்த கூட்டத்தில் ஏலம் விடலாம் என்றார்கள். கையில் காசு இருப்பவன் முன்வாசலுக்கும் இல்லாதவன் மூலைக்கும் போவதென்றால் சங்கம் எதற்கு, சந்தா எதற்கு என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது. அதற்கடுத்த கூட்டத்தில்தான் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அவர் பொம்மைக்கடை வைத்திருப்பவர்.

"எங்கிட்ட ஒரு ராக்கெட் கிட் இருக்கு. அட்டைக்குழாய், இறக்கை, மூக்கு எல்லாம் பெட்டியிலயே இருக்கும், ஒட்டிக்கவேண்டியதுதான். மூக்குக்குள்ள ஒரு கோழிமுட்டைய வெச்சு மேல அனுப்பணும். பாராசூட்ல இறங்கிவரும். முட்டை உடையாம யாரோடது ரொம்ப நேரம் காத்துல நிக்குதோ அவங்க முதல்ல கடையத் தேர்ந்தெடுக்கட்டும். அடுத்த ஆளு அடுத்தது. உடைஞ்சவங்க வரிசையோட கடைசிக்குப் போங்க."

அந்தப் பெட்டிகள் அவர் கடையின் மேல்தட்டில் விலைபோகாமல் தூசி தின்றுகொண்டிருந்தது சந்தைக்கே தெரியும். தேங்கிய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்பதும் எல்லாருக்கும் புரிந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். வாளியைச் சரிக்கட்டலாம், ஏலத்தைச் சரிக்கட்டலாம், வானத்தை யார் போய்ச் சரிக்கட்டுவது?

பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் மறுநாளே சண்டைக்கு வந்தார்கள். மேல்தட்டு வெக்கையில் பாராசூட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம்போல ஆகியிருந்தது. செயலாளர் கண்ணிமைக்கவில்லை. "பாராசூட் அவரவர் திறமை. அதான் போட்டியே!" என்று அங்கேயே புது விதி ஒன்றைப் போட்டுவிட்டார். இப்படிப்பட்ட மனிதர்தான் சங்கத்துக்குச் செயலாளராக இருக்க முடியும்.

பார்சலம்மா தன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். சந்தையில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மற்ற கடைகளில் விற்கிற உடையும் சாமான்களை வெளியூருக்கு அனுப்பக் கட்டிக் கொடுப்பது அவள் தொழில். கண்ணாடிக் கிண்ணம், பீங்கான் தட்டு, விளக்கு, கடிகாரம், எதுவானாலும் அவள் கை பட்டுப் போனால் லாரியிலிருந்து விழுந்தாலும் முழுசாகப் போய்ச் சேரும். ஆனால் பெட்டியின் மேல் கண்ணாடிக்கடையின் பெயர் இருக்கும், பாத்திரக்கடையின் பெயர் இருக்கும். அவள் பெயர் இருக்காது. பழைய சந்தையில் அவள் கடை மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்தது. மோட்டார் ஓடும்போது பேரம் பேச வந்தவர்கள் கத்திக் கத்தியே களைத்துப்போய்ச் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டார்கள் என்பது ஒன்றுதான் அந்த இடத்தில் கண்ட லாபம். தானாகத் தேடிவந்த வாடிக்கையாளர் என்று ஒருவர்கூட இல்லை. யாராவது அனுப்பினால்தான் வேலை.

புதுக் கட்டடத்தில் முன்வாசல் படிக்கு நேராக ஒரு கடை இருந்தது. அகலமான ஷட்டர். தெருவில் போகிறவன் தலையைத் திருப்பினால் அந்தக் கடைதான் கண்ணில் படும். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே பார்சலம்மா அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கட்டடத்தின் மேல்மாடிக் கோடியில் லிஃப்ட் எட்டாத ஒரு கடையும் இருந்தது. வரிசையின் கடைசிக்குப் போனால் அதுதான். அட்டைப்பெட்டிகளைத் தலையில் சுமந்து படியேற வேண்டும். பார்சல் கடைக்கு அது தூக்குமேடை.

"அந்த முன்வாசல கண்ணாடிக்கடை முதலாளியும் பாத்துட்டிருக்காரு" என்றான் அவள் கணவன்.

அவனுக்குச் சந்தை வைத்த பெயர் 'பாப்போம்'. எதைக் கேட்டாலும் அவன் சொல்லும் பதில் அது. கெட்டிக்காரன்தான், அட்டையை அளக்காமலே கத்தரித்துப் பெட்டி செய்வான். முடிவெடுக்கச் சொன்னால் மட்டும் கத்தரிக்கோலை எங்கே வைத்தோம் என்று தேடப் போய்விடுவான்.

"பாக்கட்டும். பாக்கறதுக்கா வாடகை கேக்கறாங்க?"

"நம்ம வேலைல பாதி அவர் தர்றது. அவரையே முந்திட்டுப் போய் முன்னாடி உக்காந்தா, நாளைக்கு சரக்க வேற எங்கயாவது அனுப்பிட்டா?"

"அனுப்பினா அனுப்பட்டும். வேற எவனும் கட்டி அது முழுசாப் போய்ச் சேராது. தூளா எண்ணி வாங்கிக்குவாரு."

"இருந்தாலும்..."

"என்னங்க, ஜெயிக்கலாமா வேண்டாமா?"

"பாப்போம்" என்றான் அவன்.

அன்று கடையை அடைத்தபின் மேசையைத் துடைத்துவிட்டு, பெட்டியிலிருந்த சாமான்களை வரிசையாகப் பரப்பினாள். இரண்டு நீளக் குழாய்கள், மெல்லிய பலகையில் வெட்டிய இறக்கைகள், இரண்டாகப் பிரியும் வழுவழு மூக்கு, மருந்து அடைத்த சின்னக் குழல்கள், ரப்பர் நாடா. விளக்கத்தாளில் எழுத்து கொசுக்கடி அளவுக்கு இருந்தது. படங்களை மட்டும் பார்த்தாள். இறக்கைகளை அவள் ஒட்டிய அழகைப் பார்த்துப் பாப்போமுக்கே வியப்பு. ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, பிசின் இழுத்துப் பிடிக்கும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

மூக்குக்குள் முட்டையை வைப்பதைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சை அளந்து, ஸ்பாஞ்சைக் குடைந்து, முட்டை அசையாமலும் நெரிபடாமலும் உட்கார வைத்தாள். காதருகே வைத்துக் குலுக்கினாள். சத்தமே இல்லை.

ஒத்திகைக்கென்று ஒரு பிளாஸ்டிக் பையை வெட்டிப் பாராசூட்டாகக் குழாய்க்குள் திணித்து, மேலே மூக்கைச் செருகினாள். தூக்கினாள். மூக்கு கையோடு வந்துவிட்டது.

"இது என்ன, இப்பவே கழண்டு வருது? இத எவன் வாங்குவான்?"

மூக்கின் அடிப்பாகத்தில் டேப் சுற்றினாள். மறுபடி செருகினாள். இன்னும் கொஞ்சம் ஆடியது. இன்னொரு சுற்று. அதற்கு மேல் இன்னொன்று. பிறகு உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி இறக்கினாள். பார்சல் கட்டி முடித்ததும் அவள் செய்வது ஒன்று உண்டு: பெட்டியைத் தலைகீழாகத் தூக்கி உதறிப் பார்ப்பாள். ராக்கெட்டையும் உதறினாள். இரும்புபோல நின்றது.

"இது லாரிலயே போகலாம்" என்றாள்.

ஒத்திகை பார்க்க எல்லாரும் போனது பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருந்த வெட்டவெளிக்கு. விடிந்ததும் விடியாததுமாக இவர்கள் போனபோது கண்ணாடி முதலாளி அங்கே தன் ராக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும்போது விலையுயர்ந்த ஜாடிபோல இருப்பார்.

"வாம்மா, வா. உன் கைப்பக்குவத்த மேல அனுப்பு, பாப்போம்" என்றார்.

"அது எம்பேரு முதலாளி" என்றான் பாப்போம்.

ஏவுகம்பியில் ராக்கெட்டை மாட்டி, மருந்துக்குழலின் ஒயரை இணைத்து, பார்சலம்மா பட்டனை அழுத்தினாள். சீறல் சத்தம் ஒன்று கேட்டது, அவ்வளவுதான். ராக்கெட் இருந்த இடத்தில் புகை இருந்தது. அண்ணாந்து பார்ப்பதற்குள் அது ஊசியாகிப் புள்ளியாகிவிட்டது. பார்சலம்மாவின் வாய் தானாகத் திறந்தது. தன் கையால் ஒட்டின அட்டை அவ்வளவு உயரத்தில் நிற்கிறது!

பிறகு அது திரும்பியது. மேலிருந்து 'பட்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று தனியாகப் பறந்து போனது. பாராசூட் வரவில்லை. ராக்கெட் மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு, போன வேகத்திலேயே வந்து, தரையில் குத்தி நின்றது.

கண்ணாடி முதலாளி மெதுவாக நடந்து வந்து பார்த்தார். "சரக்கு வந்து சேந்துடுச்சும்மா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

அவருடைய ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருடைய ராக்கெட் அடுத்து ஏறியது, அழகாக விரிந்து, பூப்போல இறங்கியது.

பாப்போம் ராக்கெட்டைப் பிடுங்கினான். குழாய் முன்பக்கம் கசங்கிப் பழைய செருப்புபோல இருந்தது, மூக்கின் இடுக்கில் மஞ்சள்கரு கசிந்தது. "விடும்மா. ஏதோ ஒரு நடுவாந்தரக் கடை கெடைச்சாப் போதும். மேல்மாடிக்குப் போகாம கீழ்த்தளத்துலயே..."

"பேசாம இருங்க" என்றாள் அவள். அவள் தரையைப் பார்த்துத் தேடிக்கொண்டே போனாள். மேலே தனியாகப் பறந்து போனது எது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். புதருக்குப் பக்கத்தில் கிடைத்தது. ராக்கெட்டின் வால்பக்கம் சொருகியிருந்த மருந்துக்குழல்.

கடைக்கு வந்து விளக்கத்தாளைப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். படித்து முடித்து, சிதைந்த ராக்கெட்டை மடியில் வைத்து மூக்கைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. முழங்காலில் இடுக்கி இழுத்தாள். அப்போதும் வரவில்லை. தரையில் குத்திய பிறகும் வரவில்லை!

"என்னங்க, இங்க வாங்க. இந்த மருந்து ரெண்டு வேலை செய்யுது. மொதல்ல கீழ்ப்பக்கமா எரிஞ்சு மேல தள்ளுது. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா புகையுது. கடைசியா மேல்பக்கமா ஒரு ஊது ஊதுது. அந்த ஊதுல மூக்கு கழண்டு விழணும், பாராசூட் வெளிய வரணும். நம்ம மூக்குதான் கழலவே இல்லையே. மருந்து பாத்துச்சு. முன்கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு, பின்கதவு வழியா அதுவே எறங்கிப் போயிடுச்சு."

"அப்போ தப்பு..."

"தப்பு என் கையோடது. இந்தக் கை பிறந்ததுலேருந்து பிரியாத பார்சல்தான் கட்டியிருக்கு. வழியில பிரிஞ்சே ஆகணும்னு ஒரு பார்சல் உண்டுன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. தோற்றதில் அவளுக்கு வெட்கமில்லை. தோற்ற காரணம் தன் தொழிலிலேயே ஒளிந்திருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கசங்கிய பகுதியை வெட்டியெறிந்து, பெட்டியிலிருந்த மாற்றுக் குழாயை உள்ளிணைப்பு வைத்து ஒட்டினார்கள். அளவெடுக்காமலே பாப்போம் வெட்டிய இணைப்பு மயிரிழைகூடப் பிசகவில்லை. மூக்கின் டேப்பை அவள் முழுவதும் உரித்தாள். திரும்ப ஒரே ஒரு சுற்று.

"வாங்க. வால்பக்கம் வாய வெச்சு ஊதுங்க."

"நானா?"

"நீங்கதான் இப்ப மருந்து. ஊதுங்க."

பாப்போம் ஊதினான். கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது. காது சிவந்தது. மூக்கு அசையவில்லை.

"என்ன ஊதறீங்க? பால ஆத்தறமாதிரி இருக்கு."

"நாலு பேரு கடைக்கு முன்னாடி போறாங்கம்மா. எட்டிப் பாக்கறாங்க."

"பாக்கட்டும். முன்வாசலுக்குப் போனா இன்னும் நெறையப் பேரு பாப்பாங்க, பழகிக்கங்க."

அவள் டேப்பில் ஒரு ஓரத்தை நகத்தால் கிள்ளி எடுத்தாள். ஊதச் சொன்னாள். மறுபடி கிள்ளினாள். இப்போது தலைகீழாகத் தூக்கினால் மூக்கு தானாகவே விழுந்தது. அதுவும் கூடாது. மேலேறும் வேகத்தில் நடுவழியில் கழன்றால் எல்லாம் கிழிந்துபோகும். திரும்ப ஒட்டினாள். இப்படியே கிள்ளுவதும் ஒட்டுவதும் ஊதுவதுமாக நாட்கள் போயின. சரக்குக் கட்டும் வேலைக்கு நடுவில், கை சும்மா இருந்த நேரமெல்லாம் பாப்போம் வாயில் ராக்கெட் இருந்தது. சந்தையில் அவனுக்கு நாதஸ்வரம் என்று புதுப்பெயர் வைக்கலாமா என்று பேச்சு வந்தது.

ஒருநாள் அவன் சலித்துப்போய் அரைமனதோடு ஒரு ஊது ஊதினான். 'பொக்' என்றது. மூக்கு பாய்ந்துபோய்க் கூரையில் மோதி, சுவர்க்கடிகாரத்தைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்தது. தலைகீழாகப் பிடித்து உதறினாள். நின்றது. ஊதச் சொன்னாள். பறந்தது. உதறினாள். நின்றது.

"இதுதான்" என்றாள். அந்த டேப்பை அதற்குப் பிறகு யாரையும் தொட விடவில்லை.

பாராசூட்டுக்கு, துணிக்கடைக்காரர் சட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வாங்கி வந்து இரண்டு வெட்டினாள். ஒன்று சின்னது. சீக்கிரம் இறங்கும், பக்கத்திலேயே விழும். இன்னொன்று பெரியது. வெகுநேரம் மிதக்கும், ஆனால் காற்று எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். ஒட்டிக்கொள்ளாமலிருக்க இரண்டுக்கும் முகப்பவுடர் தடவி மடித்து வைத்தாள்.

"எதப் போடப்போற?" என்றான் பாப்போம்.

"பாப்போம்" என்றாள் அவள். அவன் தன் பொருளை யாரோ எடுத்துவிட்டதுபோல விழித்தான்.

போட்டியன்று வெட்டவெளியில் காற்று நன்றாகவே அடித்தது. மேசை போட்டு முட்டைக்கடைக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். முட்டையெல்லாம் அவள் கொடுப்பது. ஒவ்வொன்றிலும் அவள் முத்திரை. இறங்கிவந்த முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீறல் உண்டா இல்லையா என்று சொல்லும் அதிகாரமும் அவளுக்குத்தான். செயலாளர் கையில் ஓடவிட்டு நிறுத்தும் கடிகாரம். ஆளுக்கு ஒரே ஒரு தடவை. மேசைப் பக்கத்தில் நட்டிருந்த கொடியை இறக்கிப் போட்டியை முடிப்பதற்குள் முட்டை மேசைக்கு வந்தாக வேண்டும்.

பார்சலம்மா கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டவில்லை. தள்ளி நின்று ஒவ்வொரு ராக்கெட்டும் என்ன செய்கிறது என்று பார்த்தாள். அவரவர் தொழில் அவரவர் ராக்கெட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. துணிக்கடைக்காரர் பாராசூட்டை ஓரம் பிசகாமல் கத்திமுனை மடிப்பாக மடித்திருந்தார். அது மடிப்புக் கலையாமலே கீழே வந்து சேர்ந்தது. பாத்திரக்கடைக்காரர் வலுவாக இருக்கட்டும் என்று உள்ளே தகரம் வைத்திருந்தார். அவருடையது விளக்குக்கம்பத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. இரண்டு முட்டையும் கூழ். "உன் வாளியவே அனுப்பியிருக்கலாம்யா, இத விட மேல போயிருக்கும்" என்றார் துணிக்கடைக்காரர்.

கண்ணாடி முதலாளியின் ராக்கெட் ஏறி, உச்சியில் விரிந்து, காற்றோடு மிதந்து மிதந்து டிப்போ கூரைமேல் போய் இறங்கியது. அவருடைய ஆட்கள் ஏணியோடு ஓடி, முட்டையை எடுத்து வந்தார்கள். முட்டைக்கடைக்காரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்து, "முழுசு" என்றாள். நேரம் யாருடையதைவிடவும் அதிகம். இன்னும் இரண்டு பேர் முழு முட்டையோடு வந்திருந்தாலும் அவர்கள் நேரம் அவருடையதில் பாதிகூட இல்லை.

கடைசியாக மிஞ்சியது பார்சலம்மா.

அவள் ராக்கெட்டைக் கையில் எடுத்தபோது கண்ணாடி முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஒரு வார்த்தை. காத்தப் பாத்தியா? பெரிய பாராசூட்டப் போட்டா முட்டை ஊர் தாண்டிப் போயிடும். உங்கிட்ட ஏணியும் இல்ல, ஆளும் இல்ல. சின்னதப் போடு. முட்டை கைக்கு வந்துடும். எனக்கு அடுத்த கடை உனக்கு. என் சரக்கு மொத்தமும் இனிமே நீதான் கட்டற. எழுதியே தரேன்."

"எதுல எழுதுவீங்க? உங்க பேரு போட்ட அட்டைலயா?"

"பேருல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லேன்னா எம்பேரப் போட்டு அனுப்புங்களேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. "சரி, நீயே ஒரு விலை சொல்லு."

"முன்வாசல்."

"அதத் தவிர?"

"அதத் தவிர வேற சரக்கு இன்னைக்கு நான் வாங்கறதா இல்ல முதலாளி."

அவர் பாப்போம் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. புருஷன்தானே? விவரமானவன் நீ."

பாப்போம் அவரைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். கத்தரிக்கோலைத் தேடிப் போவதற்கு அங்கே இடமில்லை. பையிலிருந்து பெரிய பாராசூட்டை எடுத்து அவள் கையில் வைத்தான்.

பார்சலம்மா அதை வாங்கிக்கொண்டாள். மருந்தின் சூடு ஏறாமலிருக்கத் தீப்பிடிக்காத தாளை முதலில் குழாய்க்குள் அடைத்தாள். அதற்கு மேல் பாராசூட்டைத் தளர்வாக மடித்து வைத்தாள். முட்டையை உட்கார வைத்தாள். மூக்கைச் செருகினாள். உள்ளங்கை தானாக மேலே எழுந்தது, ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவதற்கு. பாதியில் நிறுத்தினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஏவுகம்பியை டிப்போவுக்கு எதிர்ப்பக்கமாக, காற்று வரும் திசையை நோக்கிச் சாய்த்தாள்.

"ஏம்மா, ஏன் சாய்க்கற?" என்றார் செயலாளர்.

"சாய்க்கக்கூடாதுன்னு விதி இருக்கா?"

"இல்ல..."

"அப்போ கடிகாரத்தப் பாருங்கண்ணே."

காலையிலிருந்து அவள் பார்த்தது அதைத்தான். விரிந்த பாராசூட் எல்லாம் டிப்போ பக்கமே போயின. அப்படியென்றால் புறப்படும்போதே எதிர்ப்பக்கம் போய்விட்டால், திரும்பி வரும் வழிதான் இந்த வெட்டவெளி.

பட்டனை அழுத்தினாள்.

ராக்கெட் காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறியது. மூக்கு கழலவில்லை. மேலே, இன்னும் மேலே. எரிந்து முடிந்து புகை மட்டும் ஒரு கோடாகத் தொடர்ந்தது. உச்சியில் ஒரு கணம் நின்றது. மூக்கு மெல்லக் கீழ்நோக்கித் திரும்பியது.

"போச்சு, மறுபடியும் ஈட்டி" என்றது ஒரு குரல்.

பாப்போம் மூச்சை இழுத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, வானத்தைப் பார்த்து ஊதினான். தான் ஊதுவது அவனுக்கே தெரியாது.

மேலே ஒரு வெள்ளைப் பொட்டு தோன்றியது. முகப்பவுடர். அந்தச் சின்ன மேகத்துக்கு நடுவிலிருந்து பாராசூட் உதறிக்கொண்டு விரிந்தது. அப்புறம்தான் 'பட்' என்ற சத்தம் வந்து சேர்ந்தது.

அது இறங்க மறுத்தது. காற்றில் படுத்துக்கொண்டு சாவகாசமாக வந்தது. கூட்டத்தின் தலைக்கு மேல் வந்தபோதே செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முதலாளியைப் பார்த்தார். பார்த்த விதத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துபோனது. நேரத்தில் அவள் முந்தியாகிவிட்டது. இனி முட்டை மட்டும்தான்.

ஆனால் அது கூட்டத்தோடு நிற்கவில்லை. டிப்போ மதிலை நோக்கிப் போனது. பார்சலம்மா செருப்பை உதறிவிட்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். பாப்போம்! அவன் ஓடி அவள் பார்த்ததே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல், பிடித்துக்கொண்டே ஓடினான்.

பாராசூட் மதிலின் உச்சியில் பதித்திருந்த கம்பியில் சிக்கியது. செயலாளர் கடிகாரத்தை நிறுத்தினார். முட்டை இருந்த மூக்கு ரப்பர் நாடாவில் தொங்கி, காற்றுக்கு ஆடி மதிலை நெருங்கியது. ஒரு தடவை உரசியது. அடுத்த தடவை இன்னும் வேகமாகப் போனது. மேலே கம்பி பிளாஸ்டிக்கைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"ஏணி! யாராவது ஏணி கொடுங்க!" என்று அவள் கத்தினாள். ஏணி கண்ணாடி முதலாளியின் ஆட்களிடம் இருந்தது. அவர்கள் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள். முதலாளி வானத்தைப் பார்த்தார்.

பாப்போம் மதிலில் இரு கையையும் ஊன்றிக் குனிந்தான். "ஏறு."

"தாங்குவீங்களா?"

"ஏறும்மா! பேசிட்டே நிக்கற!"

அவள் ஏறினாள். அவன் முதுகு ஒரு தடவை நெளிந்து நிமிர்ந்தது. மூக்கு மறுபடி மதிலை நோக்கி ஆடி வந்தபோது அதற்கும் மதிலுக்கும் நடுவில் அவள் புறங்கை இருந்தது. விரல்முட்டிகள் கல்லில் தேய்ந்து தோல் உரிந்தது. மற்றக் கையால் மூக்கை ஏந்திக்கொண்ட அதே நேரம் மேலே பிளாஸ்டிக் முழுவதுமாகக் கிழிந்து, ராக்கெட்டும் நாடாவும் அவள் தலையில் வந்து விழுந்தன.

"பிடிச்சிட்டியா?" என்று கீழிருந்து சத்தம் வந்தது.

"பிடிச்சாச்சு."

"அப்போ எறங்கு தாயே!"

மேசையில் கொண்டுபோய் வைத்தாள். முட்டைக்கடைக்காரம்மா மூக்கைத் திறந்து, ஸ்பாஞ்சை விலக்கி, முட்டையை எடுத்தாள். உள்ளங்கையைக் குவித்துப் போன் விளக்கின் மேல் வைத்துச் சுற்றினாள். நின்றாள். மறுபடி சுற்றினாள். கண்ணாடி முதலாளி எட்டிப் பார்த்தார்.

"அந்த ஓரத்துல ஏதோ கோடு மாதிரி..."

"அது என் முத்திரை" என்றாள் முட்டைக்கடைக்காரம்மா. "முதலாளி, நீங்க கண்ணாடியப் பாருங்க. முட்டைய நான் பாத்துக்கறேன்." கடைசியாக ஒருமுறை காதருகே தட்டிப் பார்த்து, மேசைமேல் வைத்தாள். "முழுசு."

செயலாளர் கட்டடத்தின் வரைபடத்தை விரித்தார். பார்சலம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. விரலை நேராக முன்வாசல் கட்டத்தில் வைத்தாள். விரலிலிருந்து கொஞ்சம் ரத்தம் அந்தக் கட்டத்தில் பட்டது.

"இதுக்குமேல முத்திரை வேணாம்" என்று செயலாளர் குறித்துக்கொண்டார். சாவியைக் கொடுக்கவே, இருவரும் கட்டடத்துக்குப் போனார்கள். சங்கம் முழுவதும் பின்னாலேயே வந்தது, தாங்கள் இழந்தது எப்படி இருக்கிறது என்று பார்க்க.

ஷட்டர் ஏறியது. தெரு வெளிச்சம் உள்ளே விழுந்தது.

கண்ணாடி முதலாளி படியில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எல்லாம் சரிப்பா. அடுத்த வாரம் எனக்கு வெளியூர் சரக்கு இருக்கு. அத யாருகிட்டக் கொடுக்கறதுன்னு நான் யோசிக்கணும்ல?" அதை அவர் பாப்போமிடம்தான் கேட்டார். யாரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

பாப்போம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தான்.

"யோசிங்க முதலாளி. யோசிச்சு முடிச்சதும் சரக்க எடுத்துட்டு இந்தப் படி வழியாவே வாங்க. ஆளு இருந்தா கொஞ்சம் வரிசைல நிக்கவேண்டியிருக்கும்."

முதலாளி படியிலிருந்து ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பார்சலம்மா காதில் இதெல்லாம் விழுந்ததா என்று தெரியவில்லை. அவள் வெளியே இறங்கி நின்று, வாசலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, உரிந்த கையாலேயே முழம் போட்டுக்கொண்டிருந்தாள், பெயர்ப்பலகைக்கு.